நாய் உருட்டிய தேங்காய்

2025 நவம்பரில் இரண்டு செய்திகள் வந்தன. டெல்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தை இடித்துத் தள்ளிவிட்டு, அந்த 102 ஏக்கரில் 'விளையாட்டு நகரம்' ஒன்றைக் கட்டப் போவதாக மத்திய விளையாட்டு அமைச்சக வட்டாரம் சொன்னது முதல் செய்தி. இரண்டு வாரம் கழித்து, 26-ஆம் தேதி, கிளாஸ்கோவில் காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுக்குழு கூடி, 2030 போட்டிகளை அகமதாபாத்துக்குக் கொடுத்தது இரண்டாவது செய்தி.

2010-இல் இதே காமன்வெல்த் போட்டிக்காகத்தான் அந்த டெல்லி அரங்கத்தை 961 கோடி ரூபாய் கொட்டிப் புதுப்பித்தார்கள். அந்தப் போட்டியின் தலைமை அரங்கத்துக்குக் கடப்பாரை. அதே போட்டிக்கு இன்னொரு ஊரில் பந்தக்கால். ஒரே அரசாங்கம், ஒரே மாதம். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறவன் வயிறு வலிக்கச் சிரித்திருக்க வேண்டும். கிளாஸ்கோவில் யாரும் சிரிக்கவில்லை. மேளம் கொட்டி கர்பா ஆடினார்கள்.

இந்த மாதிரித் திருவிழாக்களை ஊருக்குள் கொண்டுவருகிறவர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: பதினொரு நாள் கூத்து பெரிதல்ல, கூத்து முடிந்த பின் ஊருக்கு நிலைக்கும் சொத்துதான் பெரிது. சரி, டெல்லிக்கு நிலைத்த சொத்து என்ன, அதை அனுபவிப்பவர் யார் என்று பதினைந்து ஆண்டு கழித்துப் பார்ப்பதில் தப்பில்லை. பார்த்துவிட்டேன். அனுபவிப்பவை நாய்கள்.

வசை பாடுவதாக நினைக்க வேண்டாம், தகவலாகச் சொல்கிறேன். 2010 செப்டம்பரில், போட்டி தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது, வெளிநாட்டுக் குழுவினர் வீரர் குடியிருப்பைப் பார்வையிட வந்தார்கள். படுக்கை விரிப்பில் நாயின் காலடித் தடம் இருந்தது. உலகம் முழுக்கப் படம் வெளியானது. ஏற்பாட்டுக் குழுவின் பொதுச் செயலாளர் லலித் பனோட் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, சுத்தம் என்பதற்கு அவர்களுக்கு ஓர் அளவுகோல், நமக்கு ஓர் அளவுகோல் என்கிற பொருளில் ஒரு தத்துவத்தை அவிழ்த்துவிட்டார். வீடு வீடாகப் பெருக்கித் துடைக்கும் பெண்கள் லட்சக்கணக்கில் வாழும் ஊரின் சார்பில், துடைப்பத்தை ஒருநாளும் கையில் எடுத்திராத ஒருவர், இந்தியர்களின் சுத்தத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2022 மே. அதே போட்டியின் வலைப்பந்து ஆட்டத்துக்காகக் கட்டிய தியாகராஜ் அரங்கம். பயிற்சி எடுக்கும் பிள்ளைகளை மாலை ஏழு மணிக்குள் வெளியே அனுப்பிவிடுகிறார்கள், ஏனென்றால் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி தம் நாயோடு அங்கே உலாவ வருகிறார் என்று ஆங்கில நாளேடு ஒன்று படத்துடன் எழுதியது. யாரையும் வெளியேறச் சொல்லவில்லை என்றார் அதிகாரி. அன்று இரவே அவரை லடாக்குக்கும், அதிகாரியான அவர் மனைவியை அருணாச்சலத்துக்கும் மாற்றினார்கள். நாய் எந்தத் திசையில் போனது என்பதுதான் அந்த வாரம் முழுக்க நாடு கேட்ட கேள்வி. வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் அதுவரை எங்கே ஓடினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

பிறகு 2025 அக்டோபர். நேரு அரங்கத்தில் உலக மாற்றுத்திறனாளி தடகளப் போட்டி. அதற்கென்றே புதிய மொண்டோ ஓடுதளம் போட்டுத் திறந்து வைத்திருந்தார்கள். கென்யாவிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவரையும் ஜப்பானியப் பயிற்சியாளர் ஒருவரையும் அரங்க வளாகத்துக்குள்ளேயே தெருநாய்கள் கடித்தன. அடுத்த மாதம்தான் இடிக்கும் செய்தி. புது ஓடுதளத்தில் மை காய்வதற்குள் என்று சொல்ல முடியாது, அதில் மை இல்லை. பசை காய்வதற்குள் என்று வைத்துக்கொள்வோம்.

நாய்க்குத் தேங்காய் கிடைத்தால் தானும் தின்னாது, பிறரையும் தின்னவிடாது, உருட்டிக்கொண்டே இருக்கும் என்பது நம் ஊர்ப் பேச்சு. பேச்சில் சின்னத் திருத்தம் தேவைப்படுகிறது. டெல்லித் தேங்காயை உருட்டியவை நான்குகால் பிராணிகள் அல்ல. அவை பாவம், உருட்டி முடித்த பின் நிழலுக்கு ஒதுங்க வந்தவை.

2003 நவம்பரில், ஜமைக்காவின் மாண்டிகோ பேயில், கனடாவின் ஹாமில்டன் நகரத்தை 46-க்கு 22 என்ற வாக்குக் கணக்கில் தோற்கடித்து டெல்லி இந்தப் போட்டியை வாங்கியது. பங்கேற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் வீரர் பயிற்சிச் செலவுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகக் கடைசி நேரத்தில் அறிவித்ததும் வேலை செய்தது. திருமங்கலம் இடைத்தேர்தலில் செய்தால் அதற்கு வேறு பெயர். மாண்டிகோ பேயில் செய்தால் விளையாட்டு வளர்ச்சி நிதி. போட்டி தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளும், அரசுக்கு ஒரு பைசா நட்டமில்லை என்று ஏற்பாட்டுக் குழு சொன்னது. ஆயிரத்துச் சொச்சம் கோடியில் தொடங்கிய கணக்கு, 2011 ஆகஸ்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வைத்தபோது 18,532 கோடியில் வந்து நின்றது. ஏறத்தாழ 4,000 ரூபாய் விலையில் கழிப்பறைக் காகிதச் சுருள் என்று பட்டியல் கசிந்தது இந்தக் காலத்தில்தான். உலகமே அந்தச் சுருளைப் பார்த்துச் சிரித்தது. நமக்கு எப்போதும் இப்படித்தான். சுருளைப் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் மேம்பாலக் கணக்கு முடிந்துவிடும்.

வீரர் குடியிருப்பை எங்கே கட்டினார்கள்? யமுனையின் வெள்ளச் சமவெளியில். அது ஆற்றுக்குச் சொந்தமான இடம் என்று சூழல் ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள்; உச்ச நீதிமன்றம் 2009-இல் கட்டலாம் என்றது. 2010 செப்டம்பரில் யமுனை தன் தரப்பு வாதத்தோடு நேரில் ஆஜரானது. குடியிருப்பின் அடித்தளங்களில் தண்ணீர் தேங்கியது, கூடவே கொசு. கட்டிக்கொண்டிருந்த தனியார் நிறுவனம் 2009-இல் பணமில்லை என்று கையை விரித்தபோது, டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏறத்தாழ 700 கோடி ரூபாய் கொடுத்து வீடுகளை முன்கூட்டியே வாங்கிக் காப்பாற்றியது. அப்படி வாங்கிய வீடுகளில் பல விற்காமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. வீடில்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் ஊரில், ஆளில்லாத வீடுகளுக்குக் காவலாளி போட்டுச் சம்பளம் கொடுத்தோம். இந்த 700 கோடி என்ற எண்ணை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஏழை தெரியக்கூடாது என்பது எல்லாப் பந்தலிலும் உள்ள முதல் விதி. டெல்லி அதை ஒரு துறையாகவே வளர்த்தது. சாலையோரக் குடிசைகளை மறைக்க மூங்கில் நடலாம் என்று முதலில் யோசித்தார்கள். மூங்கில் வளரும் வேகம் ஒப்பந்தக்காரர் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. கடைசியில் போட்டியின் சின்னமான 'ஷேரா' புலி சிரித்தபடி நிற்கும் பெரிய பெரிய தட்டிகளைக் குடிசைகளுக்கு முன்னால் நட்டார்கள். அதிகாரிகளின் பாஷையில் அதற்குப் பெயர் 'வியூ கட்டர்'. பிச்சைக்காரர்களைப் பிடித்து அங்கேயே விசாரித்துத் தண்டிக்க நடமாடும் நீதிமன்றம் வந்தது. சொத்து வழக்குக்கு முப்பது ஆண்டு எடுக்கும் நாட்டில் ஒரு நீதிமன்றம் வண்டியேறித் தெருத்தெருவாக நீதி வழங்கிய அரிய சந்தர்ப்பம். குரங்குகளை விரட்ட லங்கூர் குரங்குகளை மட்டும் பராமரிப்பாளரோடு கூலிக்கு அமர்த்தினார்கள். அந்தப் போட்டியில் டெல்லி ஏழைகளைவிட உறுதியான வேலை கிடைத்தது அந்த லங்கூர்களுக்குத்தான். 2009 டிசம்பர்க் குளிரில் பூசா சாலையில் ஒரு தற்காலிக இரவுத் தங்குமிடத்தை மாநகராட்சி பிடுங்கி எறிந்தது. அங்கே புல் வளர்க்க வேண்டுமாம், நகரம் அழகாக வேண்டுமாம். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து அதட்டிய பிறகு தங்குமிடம் திரும்பி வந்தது.

வீட்டுரிமைக்காக இயங்கும் அமைப்பு ஒன்று 2011-இல் வெளியிட்ட அறிக்கை, 2004-இலிருந்து இந்தப் போட்டியின் பெயரால் டெல்லியில் குறைந்தது 2 லட்சம் பேர் வீடிழந்தார்கள் என்கிறது. போட்டிக்கு வந்த வீரர்கள் சுமார் ஐயாயிரம் பேர் இருக்கலாம். அவர்களில் ஒவ்வொருவரும் ஓட, நீந்த, எறிய, நாற்பது பேர் இடம் விட்டிருக்கிறார்கள். விருந்தோம்பலில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

இனி பாராபுலா. டெல்லித் தமிழரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறும்.

நிஜாமுதீனுக்குத் தெற்கே ஓடும் சாக்கடை நாலா அது. ஜஹாங்கீர் காலத்தில் அதன்மேல் கல்லால் ஒரு பாலம் கட்டினார்கள். பதினொரு வளைவு, பன்னிரண்டு தூண். நானூறு ஆண்டாக நிற்கிறது. மொகலாயர், மராட்டியர், வெள்ளைக்காரர், காங்கிரஸ், பா.ஜ.க., ஆம் ஆத்மி என்று எல்லாருடைய காலத்திலும் நின்றது; அதன்மேல் மீன் விற்றார்கள், காய்கறி விற்றார்கள், அப்போதும் நின்றது. அதே நாலாவின் போக்கில் கொஞ்சம் மேற்கே போனால் நேரு அரங்கம். அங்கே 2010 செப்டம்பர் 21 அன்று, போட்டிக்கென்று கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் மொத்தமாக விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயம்பட்டார்கள். முதல்வர் ஷீலா தீட்சித் உடனே ஊருக்கு ஆறுதல் சொன்னார்: அந்தப் பாலம் வீரர்களுக்கானது அல்ல, பொதுமக்களுக்கானதுதான். பொதுமக்கள் நிம்மதியடைந்தார்களா என்று தெரியவில்லை. பிறகு ராணுவத்தின் பொறியாளர் படை வந்து ஒரு வாரத்துக்குள் ஒரு பெய்லி பாலத்தைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. போர்க்களத்தில் எதிரியின் ஆற்றைத் தாண்ட வைத்திருக்கும் வித்தையை, தலைநகரத்தில் நம் ஒப்பந்தக்காரரைத் தாண்டப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

இந்த நாலாக் கரையில்தான் தமிழர்கள் இருந்தார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். ஆண்கள் கட்டட வேலை, பெண்கள் ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலை, பிள்ளைகளுக்கு லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடம். 2010 ஏப்ரலில் ஜங்புராப் பக்கம் இருந்த 350-க்கும் மேற்பட்ட தலித் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளை இடித்தார்கள். சுமார் முப்பத்தைந்து ஆண்டுக் குடியிருப்பு. போட்டிக்கு வரும் வண்டிகளை நிறுத்த இடம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். பதினொரு நாள் வண்டி நிறுத்த முப்பத்தைந்து ஆண்டு. ஏப்ரல் மாத டெல்லி வெயிலில் பாத்திரமும் பாடப் புத்தகமும் தெருவில் கிடந்தன. டெல்லியில் அப்போது தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்குப் பஞ்சமில்லை, தமிழ் மந்திரிகளுக்கும் பஞ்சமில்லை. நாலாவின் நாற்றம் மட்டும் அவர்களுடைய பங்களா வரை போகவில்லை போலிருக்கிறது.

நாலாவின்மேல் என்ன கட்டினார்கள்? நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலச் சாலை. வீரர்களின் பேருந்து குடியிருப்பிலிருந்து அரங்கத்துக்குச் சிக்னலில் நிற்காமல் போக வேண்டும் என்பதற்காக, சாக்கடையின் தலைக்கு மேலேயே சாலை. சரி, போட்டி முடிந்தது, சாலையாவது மிஞ்சியது என்பீர்கள். யமுனையைத் தாண்டி மயூர் விஹார் வரை அதை நீட்டும் வேலை 2017-க்குள் முடிந்திருக்க வேண்டும். 2025 முடிகிறவரை முடியவில்லை.

2010-இன் இடிப்புக்குத் தப்பி அதே கரையில் மிச்சமிருந்தது மதராஸி கேம்ப். 2025 ஜூன் 1 அன்று அதன் முறை வந்தது. நாலா அடைத்துக்கொள்கிறது, மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது, தூர்வார இயந்திரம் போக வழி வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்றுங்கள் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி உள்ளவை என்று கண்டது 189. அந்த 189-க்கும் இடம் நரேலாவில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி. தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை என்று போனவர்கள் புகார் சொன்னார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண் காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் பாத்திரத்தைத் தொட வேண்டுமானால் நரேலாவில் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று தகுதிப் பட்டியல் தயாரித்தவர் யாரும் கணக்குப் போடவில்லை. தமிழ்நாடு அரசு, ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவத் தயார் என்று அறிக்கை விட்டது. ஐம்பது ஆண்டுக்கு முன் ஊரில் சோறு இல்லாமல்தானே ஐயா ரயில் ஏறினார்கள்!

தண்ணீர் போகும் வழியில் குடிசை கட்டினால் ஆக்கிரமிப்பு. அதே வழியின் தலைமேல் காங்கிரீட் சாலை போட்டால் உள்கட்டமைப்பு. ஆற்றின் மடியில் அடுக்குமாடி கட்டினால் விளையாட்டுக் குடியிருப்பு. குடிசைக்காரன் செய்த ஒரே தப்பு, டெண்டர் எடுக்காமல் கட்டியது.

இப்போது அந்த 700 கோடிக்கு வருவோம். பட்டியல் சாதி மக்களின் மேம்பாட்டுக்கென்று ஒதுக்கும் பணத்துக்குச் 'சிறப்பு உட்கூறுத் திட்டம்' என்று பெயர். மக்கள்தொகையில் அவர்களுடைய விகிதம் எவ்வளவோ, அவ்வளவு பணம் அவர்களுக்கு என்பது ஏற்பாடு. அந்தத் தலைப்பிலிருந்து 700 கோடிக்கும் மேலான தொகையை டெல்லி அரசு காமன்வெல்த் வேலைகளுக்குத் திருப்பிவிட்டது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வெளிவந்தது. உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், 678 கோடிக்கு மேல் திருப்பியது உண்மைதான், தவறுதான் என்று 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். அரசாங்கத்தின் விளக்கம் எப்படியிருந்தது தெரியுமா? போட்டிக்காகப் போடும் சாலையிலும் பாலத்திலும் பட்டியல் சாதியினரும் நடப்பார்கள் அல்லவா, ஆக அவர்கள் பங்குக்கு இவ்வளவு. விளக்கில் எரியும் எண்ணெய்க்கும் புல்தரையில் பாயும் தண்ணீருக்கும் சாதிவாரிக் கணக்கு!

கட்டட நிறுவனத்தைக் காப்பாற்றக் கொடுத்ததும் 700 கோடி. தலித் மக்களின் தலைப்பிலிருந்து எடுத்ததும் 700 கோடி. அந்தப் பணம்தான் இந்தப் பணம் என்று நான் சொல்லவில்லை. பெட்டி வேறு, சாவி வேறு. அளவு மட்டும் பொருந்துகிறது. ஆனால் ஜங்புராக் கரையில் நின்று பார்த்தால் இன்னொரு கணக்கும் பொருந்துகிறது. வீட்டை இழந்தவர்கள் தலித்துகள். வீட்டை இடித்து நடத்திய திருவிழாவுக்குத் தலித்துகளின் பணம். புல்டோசருக்கு டீசல் போட்ட காசும் தங்கள் பங்கிலிருந்து போயிருக்கலாம் என்று அந்த மக்கள் சந்தேகப்பட்டால் என்ன பதில் சொல்வது? மகா உத்தமமான ஆட்சிமுறை இது. வெட்டப்படும் ஆட்டிடம் கத்திக்கும் கட்டணம் வசூலித்தாயிற்று.

உடனே ஒருவர் எழுந்து, மெட்ரோ வந்ததே, அதை மறைக்கலாமா என்பார். கட்டுரை எழுதுகிற ஒவ்வொருவரிடமும் இவர் வருவார். ஐயா, டெல்லி மெட்ரோவுக்கு 1998-இல் வேலை தொடங்கி, 2002 டிசம்பரில் ரயில் ஓடியது. மாண்டிகோ பேயில் போட்டி கிடைத்தது 2003 நவம்பரில். பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகு கல்யாணத்துக்கு நன்றி சொல்கிறீர்கள். போட்டிக்காகவே முடிக்க வேண்டும் என்று துரத்திய விமான நிலைய மெட்ரோ, போட்டி முடிந்து நாலு மாதம் கழித்து, 2011 பிப்ரவரியில்தான் வந்தது. நகரத்துக்கு ரயிலும் பேருந்தும் வேண்டும் என்பதற்கு நகரம் என்ற காரணம் போதாதா? குண்டு எறிகிறவர் ஒருவர் டாஸ்மேனியாவிலிருந்து வந்தால்தான் சாக்கடை மூட வேண்டுமா?

பதக்கம் உண்டு, மறுக்கவில்லை. 38 தங்கம் உட்பட 101 பதக்கம், ஆஸ்திரேலியாவுக்கு அடுத்த இடம். வட்டெறிதலில் மூன்று பதக்கத்தையும் நம் பெண்களே எடுத்தார்கள். தொடரோட்டத்தில் நம் பெண்கள் தங்கம் வென்றபோது அந்த அரங்கமே எழுந்து நின்று அழுதது. அதற்காக அந்தப் பெண்களின் காலில் விழலாம். அந்த முழுப் போட்டியிலும் டெண்டர் விடாமல் நடந்த ஒரே வேலை அதுதான்; அதனால்தான் உருப்படியாக நடந்தது. அந்த ஓடுதளத்துக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று? 2024 அக்டோபரில் பாட்டுக் கச்சேரிக்கு அரங்கத்தை வாடகைக்கு விட்டார்கள். மறுநாள் பயிற்சிக்கு வந்த ஓட்டப்பந்தய வீரர் ஒருவர் காணொளி போட்டார்: ஓடுதளத்தில் மது பாட்டில், குப்பை, உடைந்து கிடக்கும் தடைக் கட்டைகள். அந்தக் கட்டைகளைத் தாண்டப் பழகுகிற பிள்ளைகள் பத்து நாள் சும்மா இருக்க வேண்டியதுதான்.

டெல்லி மட்டும் இப்படி என்றில்லை. ஆண்பிள்ளை பிரசவித்தாலும் பிரசவிப்பான், ஒலிம்பிக்ஸ் நட்டப்படாது என்கிற ரீதியில் சவடால் விட்ட மேயர் ஒருவர் மாண்ட்ரியலில் இருந்தார், ஜான் த்ரபோ என்று பெயர். 1976-இல் நடந்த போட்டியின் கடனை அந்த ஊர் 2006-இல்தான் அடைத்து முடித்தது. சிகரெட் வரி போட்டு. ஒரு தலைமுறை இருமி இருமிக் கடன் அடைத்தது. ஆனால் வெள்ளைக்காரன் பட்டால் திருந்துகிறான் என்பதையும் சொல்ல வேண்டும். 2026 காமன்வெல்த் போட்டியை ஏற்ற ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு 260 கோடி டாலரிலிருந்து 600 கோடிக்கு மேல் போகும் என்றதும் 2023-இல் கையைக் கழுவியது. 38 கோடி டாலர் நட்ட ஈடு கொடுத்தாவது தப்பித்தால் போதும் என்று ஓடியது. கனடாவின் ஆல்பர்டா 2030 எண்ணத்தைக் கைவிட்டது. நாம் 46-க்கு 22 என்று தோற்கடித்த ஹாமில்டன், 1930-இல் முதல் போட்டியை நடத்திய ஊர், நூற்றாண்டு விழாவுக்குக்கூட வேண்டாம் என்று ஒதுங்கியது. இத்தனை ஊர் வேண்டாம் என்ற வரனைத்தான் அகமதாபாத் மேளதாளத்தோடு அழைத்து வருகிறது.

2010 ஜூலையில், மயிலாடுதுறையில் மூன்று முறை ஜெயித்தவரும் முன்னாள் விளையாட்டு அமைச்சருமான மணிசங்கர் ஐயர், இந்தப் போட்டி கெட்டால் சந்தோஷப்படுவேன், வெற்றி பெற்றால் அடுத்து ஆசியப் போட்டி, ஒலிம்பிக்ஸ் என்று கிளம்பிவிடுவார்கள் என்றார். தேசத் துரோகி என்று அவரை வறுத்தார்கள். அவர் கணக்கில் ஒரே ஓட்டை: நாறினாலும் கிளம்புவார்கள் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. 2036 ஒலிம்பிக்ஸுக்கு 2024 அக்டோபரிலேயே விருப்பக் கடிதம் போயாயிற்று.

ஏன் கிளம்ப மாட்டார்கள்? யார் என்ன இழந்தார்? ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடியை 2011 ஏப்ரலில் சி.பி.ஐ. கைது செய்தது. ஒரு விசாரணைக் கைதியாகச் சில மாதம் திகார். பிறகு ஜாமீன். 2025 ஏப்ரலில், பணமோசடி வழக்கில் குற்றத்தை நிரூபிக்க எதுவும் இல்லை என்ற அமலாக்கத் துறையின் முடிப்பு அறிக்கையை டெல்லி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பதினான்கு ஆண்டு தேடி, பணம் எங்கும் போகவில்லை என்று கண்டுபிடித்தார்கள். காங்கிரஸ் ஆட்சியைக் கவிழ்க்க இந்த ஊழலை மேடை மேடையாக முழங்கியவர்கள்தான் அந்த அமலாக்கத் துறையைப் பதினோரு ஆண்டாகக் கையில் வைத்திருந்தார்கள். ஊழல் இருந்தால் அவர்கள் விட்டிருப்பார்களா? ஆகவே 18,532 கோடியும் ஒழுங்காகவே செலவானது. பாலம் ஒழுங்காகவே விழுந்தது.

அகமதாபாத்துக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020 பிப்ரவரியில் ட்ரம்ப் வருகிறார் என்றபோது, விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் இருந்த குடிசைப் பகுதிக்கு முன்னால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பியது அந்த ஊர். ட்ரம்புக்கும் சுவருக்கும் சம்பந்தமே இல்லை, முன்பே போட்ட திட்டம் என்று மாநகராட்சி சொன்னது. அந்த ஊரின் மொட்டேராப் பகுதியில் குடிசைக்காரர்களுக்கு வெளியேறச் சொல்லி அப்போதே நோட்டீஸ் போனது. 2023-இல் ஜி-20 மாநாட்டுக்கு டெல்லி பச்சைத் துணியைக் கட்டி மறைத்தது. 2010-இல் புலிப்படம் போட்ட தட்டி, 2020-இல் செங்கல், 2023-இல் துணி. பதினைந்து ஆண்டில் இந்தியா உருவாக்கிய சொந்தத் தொழில்நுட்பம் இது. ஏற்றுமதிக்கே தகுதி உண்டு.

நேரு அரங்கத்தை முதன்முதலில் கட்டியது 1982 ஆசியப் போட்டிக்கு. அந்தப் போட்டிக்கான வேலைத் தளங்களில் தொழிலாளிக்குச் சட்டப்படி நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் என்கிற கங்காணி பிடித்துக்கொண்டு 8.25 மட்டும் கொடுத்தான். உச்ச நீதிமன்றம் வரை போனது வழக்கு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பெழுதியது. நவம்பரில் போட்டி தொடங்கியது. 2010-இல் அதே அரங்கம், அதே புகார், இந்த முறை உயர் நீதிமன்றம் ஒரு குழு போட்டு விசாரித்தது. கூலியில் பிடித்தம், பாதுகாப்பில்லாத வேலை, தங்க இடமில்லை என்று குழுவும் எழுதிக் கொடுத்தது. இப்போது அதை இடிக்க வேண்டும், 102 ஏக்கரில் புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், பீகாரிலிருந்தும் புந்தேல்கண்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவர்கள் எங்கே தங்குவார்கள் என்று விளையாட்டு நகரத்தின் வரைபடத்தில் தேட வேண்டாம். பக்கத்திலேயே பாராபுலாக் கரை இருக்கிறது. 2025 ஜூனில்தான் காலி செய்து வைத்தார்கள்.